கைவிடப்பட்ட சர்வருக்கு ஒரு பேக்கப்

பழைய சர்வரில் பேக்கப் நின்றுவிட்டது என்று யாராவது போன் செய்தால், அதைச் சுற்றி சமீபத்தில் என்ன மாற்றினீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். "ஒண்ணுமே மாத்தல சார், அது பாட்டுக்கு ஓடிட்டுத்தான் இருந்தது" என்று பதில் வரும். அவர்கள் சொல்வது உண்மைதான். சர்வரை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அலுவலகத்துக்குப் புது நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டி வந்திருக்கும். பேக்கப் மென்பொருள் ராத்திரியோடு ராத்திரியாகப் புதுப் பதிப்புக்கு மாறியிருக்கும். எங்கோ ஒரு சான்றிதழ் காலாவதியாகியிருக்கும். ஆதரவு முடிந்த ஆபரேட்டிங் சிஸ்டம் அந்தத் தேதியில் கெட்டுப்போவதில்லை, நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதோடு பேசிக்கொண்டிருந்தவைதான் ஒவ்வொன்றாக விலகிப் போகின்றன. கோளாறை சர்வருக்குள்ளேயே தேடுகிறவர்கள் நாள்கணக்கில் தேடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் இருப்பது பேத்தமங்களாவில். பாலாற்று நீரை ஏரியில் தேக்கிக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பிய ஊர் இது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் எங்கள் வட்டாரப் பிள்ளைகள் பலருக்கு மாரிக்குப்பத்தில் விடியற்கால ரயிலேறி, பங்காருபேட்டை வழியாகப் பெங்களூர் போய், இருட்டிய பிறகு திரும்புவதே பிழைப்பானது. நானும் அந்த ரயிலில் போய்த்தான் சர்வர் வேலை கற்றேன். பிறகு போக்குவரத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கத்துச் சின்ன இடங்களையே கவனிக்க ஆரம்பித்தேன். பெமல் தொழிற்சாலையை நம்பி எழுந்த பட்டறைகள், கிளினிக்குகள், பள்ளி அலுவலகங்கள், முள்பாகல் பக்கம் சில கிடங்குகள் என்று வேலை இருக்கிறது. பெரிய நிறுவனங்களில் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை சர்வரை மாற்றிவிடுவார்கள். இங்கே வாங்கியது உயிரோடு இருக்கும்வரை ஓடும்.

அதைக் கஞ்சத்தனம் என்று பெங்களூரில் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஒரு பட்டறையில் உற்பத்திக் கணக்கு மென்பொருளுக்கு டாங்கிள் என்று ஒரு பூட்டு உண்டு, சர்வரின் பின்பக்கம் செருகியிருப்பது. அதை எழுதிக் கொடுத்தவர் தொழிலையே விட்டுவிட்டார். புது விண்டோஸில் அந்த டாங்கிளுக்கு டிரைவர் கிடையாது. இன்னோர் இடத்தில் பரிசோதனைக் கருவி ஒன்று விண்டோஸ் சர்வர் 2003 தவிர வேறெதனோடும் பேசாது. கருவி நன்றாக வேலை செய்கிறது. கணினிக்காக அதை மாற்றுவதென்றால் பல லட்சம். இவர்களிடம் போய் "புதுசு வாங்குங்க" என்று சொல்லிவிட்டு வருவது வேலையாகாது. அந்தப் பட்டறையின் சர்வரில் பதினைந்து வருடக் கணக்கு இருக்கிறது, அது போனால் அந்தப் பட்டறை எழுந்திருக்காது. ஆதரவு இல்லாத சர்வருக்குத்தான் நல்ல பேக்கப் அதிகம் தேவை. ஆனால் புதிய பேக்கப் மென்பொருள்கள் முதலில் கைவிடுவதும் அதைத்தான்.

தேதிகளை மனப்பாடமாக வைத்திருப்பது இந்தத் தொழிலுக்கு அவசியம். விண்டோஸ் சர்வர் 2003க்கு ஆதரவு முடிந்தது 2015 ஜூலை 14. சர்வர் 2008க்கும் 2008 ஆர்2வுக்கும் 2020 ஜனவரி 14. சர்வர் 2012க்கும் அதன் ஆர்2வுக்கும் 2023 அக்டோபர் 10. லினக்ஸ் பக்கம் சென்ட்ஓஎஸ் 6 முடிந்தது 2020 நவம்பர் 30, சென்ட்ஓஎஸ் 7 முடிந்தது 2024 ஜூன் 30. இந்தத் தேதிகளில் சர்வருக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு ஓரிரு வருடம் கழித்துத்தான் பேக்கப் மென்பொருள் செய்கிறவர்கள் தங்கள் ஆதரவுப் பட்டியலிலிருந்து அதை எடுப்பார்கள். நமக்கு வலி தொடங்குவது அப்போதுதான்.

2008 ஆர்2 ஓடிய ஒரு பட்டறையில் நடந்ததைச் சொன்னால் புரியும். வெளியூரில் உள்ள மையக் கன்சோலிலிருந்து பேக்கப் ஏஜென்ட் தானாகப் புதுப்பிக்கப்பட்டது. மறுநாளிலிருந்து அதன் சர்வீஸ் எழவில்லை. கணக்கர் வயதானவர், என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறார், மூன்று ஆன்டிவைரஸ்களை மாற்றிப் பார்த்திருக்கிறார். ஈவென்ட் வியூவரைத் திறந்தால் பிழை எண் 577 இருந்தது. கோப்பின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்பது அதன் பொருள். புது ஏஜென்டின் டிரைவர் ஷா-2 முறையில் கையெழுத்திடப்பட்டிருந்தது. பல ஆண்டுகளாக அப்டேட் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த அந்தச் சர்வருக்கு ஷா-1தான் தெரியும். டிரைவரில் தவறில்லை, சர்வரிலும் தவறில்லை. புது முறைக் கையெழுத்தை அடையாளம் காண அந்தச் சர்வருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வழி இருக்கிறது. 2019 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் இதற்காகவே கேபி 4474419 என்ற அப்டேட்டை வெளியிட்டது. அதற்கு முன்னால் கேபி 4490628 என்ற சர்வீசிங் ஸ்டாக் அப்டேட்டைப் போட்டுவிட வேண்டும். இரண்டுக்கும் அடிப்படையாக சர்வீஸ் பேக் 1 இருக்க வேண்டும். வரிசை மாறினால் சிக்கிக்கொள்ளும். பழைய சர்வரின் பிரவுசரில் இப்போதைய தளங்கள் பாதி திறக்காது. ஆகவே வேறு கணினியில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து போட்டேன். ரீஸ்டார்ட் ஆகி சர்வீஸ் எழுந்தபோது கணக்கர் நிம்மதியாக மூச்சுவிட்டார். ஆனால் பேக்கப் ஓடவில்லை.

அடுத்த கதவு டிஎல்எஸ் என்ற இணைப்புப் பாதுகாப்பு முறை. பேக்கப் போய்ச் சேரும் கிளவுட் பக்கம் 1.0ஐயும் 1.1ஐயும் மூடிவிட்டு 1.2தான் என்று சொல்லிவிட்டார்கள். 2008 ஆர்2வில் 1.2 உண்டு, ஆனால் தானாக இயங்காது. ரெஜிஸ்ட்ரியில் எஸ்சேனல் என்ற கிளையில் கிளையன்ட் பக்கமும் சர்வர் பக்கமும் அதை இயக்க வேண்டும். டாட்நெட்டுக்குத் தனியாக ஒரு மதிப்பு, வின்எச்டிடிபிக்குத் தனியாக ஓர் அப்டேட். இத்தனையும் செய்தபிறகும் சில இடங்களில் இணைப்பு அறுந்துபோகும். காரணம் சைஃபர் பட்டியல். ஆர்எஸ்ஏ சான்றிதழோடு இசிடிஎச்இ, ஏஇஎஸ்-ஜிசிஎம் சேர்ந்த சைஃபர்கள் 2008 ஆர்2விடம் கிடையாது, 2012 ஆர்2விடமும் கிடையாது. எதிர்ப்பக்கம் அவை மட்டும்தான் என்று பிடிவாதமாக இருந்தால் சர்வரில் நாம் என்ன செய்தாலும் பயனில்லை. இது தெரியாமல் ரெஜிஸ்ட்ரியை மாற்றி மாற்றி ஒரு வாரத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. எதிர்ப்பக்கம் எதை ஏற்கிறது என்று வேறொரு புதிய கணினியிலிருந்து சோதித்துவிட்டால் அரை மணியில் முடிவு தெரிந்துவிடும். அந்தப் பட்டறையில் கிளவுடுக்கு நேராகப் போவதை விட்டுவிட்டு, பக்கத்தில் வைத்த ஒரு சின்ன லினக்ஸ் பெட்டியில் பேக்கப்பை இறக்கி, அங்கிருந்து மேலே அனுப்பினோம். இந்தச் சின்னப் பெட்டி என் வேலையில் திரும்பத் திரும்ப வரும்.

கடிகாரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த வட்டாரத்துக்கு மின்சாரம் மிக முன்பே வந்தது. 1902இலேயே சிவனசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்குக் கம்பி இழுத்துவிட்டார்கள். இருந்தாலும் கோடை மழையில் கம்பி அறுந்தால் சில இரவுகள் இருட்டுதான். யூபிஎஸ் தீர்ந்து சர்வர் அணையும். மதர்போர்டில் உள்ள நாணய அளவு பேட்டரி பல வருடங்களுக்கு முன்பே செத்திருக்கும். மறுபடி எழும்போது தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். உடனே சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் செல்லுபடி ஆகாதவை ஆகிவிடும். டொமைனில் இருந்தால் கெர்பரோஸ் ஐந்து நிமிட வித்தியாசத்துக்கு மேல் பொறுக்காது, ஆகவே பாஸ்வேர்டு சரியாக இருந்தும் நுழைய முடியாது. பேக்கப் மென்பொருள் இதை "இணைப்புப் பிழை" என்று மட்டும் சொல்லும். அதனால் எந்தப் பழைய சர்வரைத் தொட்டாலும் முதலில் தேதியைப் பார்ப்பேன். சிஆர்2032 பேட்டரி ஒன்று எப்போதும் பையில் இருக்கும்.

சர்வர் 2003 தனி உலகம். அந்தப் பரிசோதனைக் கருவியோடு பிணைந்த சர்வரில், விண்டோஸோடு வந்த என்டிபேக்கப் தினமும் பிகேஎஃப் கோப்பு ஒன்றை எழுதி, பழைய நாஸ் பெட்டிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பெட்டி பழுதாகிப் புதிது வந்தது, பேக்கப் நின்றது. 2003க்குத் தெரிந்த கோப்புப் பகிர்வு எஸ்எம்பி1 ஒன்றுதான். புதிய பெட்டியில் அது இயல்பிலேயே மூடப்பட்டிருக்கும். அமைப்புகளில் ஒரு டிக் போட்டால் திறந்துகொள்ளும், உடனே பேக்கப் ஓடும். அங்கிருந்தவர்கள் அதைத்தான் செய்யச் சொன்னார்கள். நான் செய்யவில்லை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுதும் பரவியது இந்த எஸ்எம்பி1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதன் கடுமையைப் பார்த்து, ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்கும் 2003க்கும்கூட மைக்ரோசாஃப்ட் ஒட்டு வெளியிட்டது. அலுவலகத்தின் அத்தனை பேக்கப்பும் உட்கார்ந்திருக்கும் பெட்டியில் அந்தக் கதவைத் திறப்பது, ஒரு பழைய சர்வருக்காக மற்ற எல்லாவற்றையும் பணயம் வைப்பது.

ஆகவே மறுபடி அந்தச் சின்ன லினக்ஸ் பெட்டி, இந்த முறை இரண்டு நெட்வொர்க் கார்டுகளோடு. ஒரு கார்டில் 2003 சர்வர் மட்டும், நேரடிக் கேபிளில். அந்தப் பக்கம் சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளை எஸ்எம்பி1 ஏற்கும்படி அமைத்தேன். சாம்பா 4.11 பதிப்பிலிருந்து எஸ்எம்பி1 இயல்பில் அணைக்கப்பட்டிருக்கும், கையால் திறக்க வேண்டும். இன்னொரு கார்டு அலுவலக நெட்வொர்க்குக்கு. அங்கே எஸ்எம்பி1 கிடையவே கிடையாது. ஆர்சிங்க், எஸ்எஸ்எச் வழியாகக் கோப்பு நாஸுக்குப் போகும். இரண்டு பக்கத்துக்கும் இடையே வழி திறந்திருக்கக் கூடாது. ஐபி ஃபார்வர்டிங் மூடியிருக்கிறதா என்று நான் எப்போதும் இருமுறை பார்ப்பேன்.

இதிலும் ஒரு முள் இருந்தது. பயனர் பெயர் சரி, பாஸ்வேர்டு சரி, ஆனாலும் அணுகல் மறுக்கப்பட்டது. 2003 இயல்பில் பழைய என்டிஎல்எம் பதிலைத்தான் அனுப்பும். சாம்பாவோ என்டிஎல்எம் இரண்டாம் பதிப்பைத்தான் ஏற்கும். சாம்பாவைத் தளர்த்துவது சுலபம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பழைய சர்வரால் முன்னேற முடியும், அதற்கு இரண்டாம் பதிப்பு தெரியும். ரெஜிஸ்ட்ரியில் எல்எம் கம்பாட்டிபிலிட்டி லெவல் என்பதை 3க்கு உயர்த்தினேன், சரியாகிவிட்டது. பழைய சர்வருக்கு எது முடியும், எது முடியாது என்று தேடிப் பார்ப்பதற்கு முன்னால் புதிய பக்கத்தைத் தளர்த்தக் கூடாது. இந்த ஒழுங்கை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை.

லினக்ஸ் பக்கம் கதை சுருக்கமானது, ஆனால் ஆபத்து பெரிது. சென்ட்ஓஎஸ் 6இல் உள்ளது ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தின் 2.12 பதிப்பு. புது ஏஜென்டைப் போட்டால் "ஜிலிப்சி 2.14 கிடைக்கவில்லை" என்று நிற்கும். ஆர்வக்கோளாறில் ஜிலிப்சியைக் கையால் ஏற்றிவிடத் தோன்றும். கூடவே கூடாது. ஏறக்குறைய எல்லா நிரலும் அதன் மேல்தான் நிற்கிறது, அது சரிந்தால் எல்எஸ் கட்டளைகூட ஓடாது. அதற்குப் பதில் ஏஜென்டின் பழைய பதிப்பைத் தேடிப் பிடிக்கலாம். அல்லது ரெஸ்டிக் போல, கோ மொழியில் எழுதப்பட்டு, வெளி நூலகங்களை நம்பாமல் ஒரே கோப்பாக வரும் மென்பொருளைப் பயன்படுத்தலாம். அதிலும் ஒரு எல்லை உண்டு. கோ 1.24 முதல் குறைந்தது 3.2 கெர்னல் வேண்டும், சென்ட்ஓஎஸ் 6இன் கெர்னலோ 2.6.32. ஆகவே அங்கேயும் பழைய பதிப்புதான். டேட்டாபேஸ் மைசீக்வலாக இருந்தால் மைசீக்வல்டம்ப் கொண்டு தனியாக ஒரு பிரதி எடுத்துவிடுவேன். இருபது வருடம் கழித்தும் ஏதாவது ஒரு கணினி அந்த உரைக் கோப்பைப் படிக்கும்.

சுற்றியுள்ளதுதான் மாறுகிறது என்று சொன்னேன். ஒரு இடத்தில் அப்படி இல்லை, அந்த வழக்குதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. ஒரு கிடங்கில் 2008 ஆர்2, சீக்வல் சர்வர். பேக்கப் தினமும் பச்சைக் குறி காட்டிக்கொண்டிருந்தது. நான் வேறு வேலையாகப் போனபோது பேக்கப் கோப்புகளின் அளவைப் பார்த்தேன். மூன்று மாதத்துக்கு முன் திடீரென்று பாதிக்கும் கீழே இறங்கி, அதிலேயே நின்றிருந்தது.

"தம்பி, பச்சையாத்தானே டிக் காட்டுது? அப்புறம் என்ன?" என்றார் பொறுப்பாளர்.

"ஜாப் முடிஞ்சதுன்னுதான் சார் அது சொல்லுது. உள்ள என்ன இருக்குன்னு சொல்லல."

ஸ்னாப்ஷாட் எடுக்க முடியாவிட்டால் திறந்திருக்கும் கோப்புகளை விட்டுவிட்டு மீதியைப் பிரதி எடு என்று யாரோ ஒரு காலத்தில் அமைத்திருந்தார்கள். திறந்திருக்கும் கோப்பு என்றால் டேட்டாபேஸ்தான். மூன்று மாதமாக டேட்டாபேஸ் இல்லாத பேக்கப். விஎஸ்எஸ்அட்மின் கட்டளையில் ரைட்டர்களைப் பட்டியலிட்டால் சீக்வல் ரைட்டர் தோல்வி, டைம் அவுட் என்றிருந்தது. ரீஸ்டார்ட் செய்தால் தெளியும், ராத்திரி மறுபடி விழும். ஸ்னாப்ஷாட் எடுக்கும் நொடியில் விண்டோஸ் எல்லா எழுத்தையும் நிறுத்தி வைக்கும். அப்படி நிறுத்துவதற்கு அனுமதி 10 நொடிதான், அதற்குள் முடியாவிட்டால் கைவிட்டுவிடும். ஏன் முடியவில்லை? டிஸ்க் மெதுவாகியிருந்தது. ஏன் மெதுவானது? ரெய்டு கன்ட்ரோலரின் பேட்டரி செத்திருந்தது. பேட்டரி இல்லாவிட்டால் மின்சாரம் போகும்போது கேஷில் உள்ளது அழிந்துவிடுமே என்று கன்ட்ரோலர் எழுத்துக் கேஷைத் தானே நிறுத்திவிடும். அது சரியான நடத்தைதான். ஆனால் அதனால் ஒவ்வொரு எழுத்தும் டிஸ்க் வரை போய்த் திரும்பியது. ஸ்னாப்ஷாட் தவறியது, டேட்டாபேஸ் விடுபட்டது, பச்சைக் குறி மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. பழைய உதிரிச் சந்தையில் அந்த மாடல் பேட்டரியைத் தேடிப் பிடித்து மாற்றினோம். திறந்த கோப்பை விட்டுவிடும் அந்த அமைப்பையும் எடுத்தேன். இனி தவறினால் சிவப்பாகத் தவறட்டும்.

அதன்பிறகு எந்த இடத்திலும் ரீஸ்டோர் செய்து பார்க்காமல் பேக்கப் இருக்கிறது என்று நான் எழுதித் தருவதில்லை. பழைய சர்வருக்கு ரீஸ்டோர் எங்கே என்பதே ஒரு கேள்வி. இன்று கடையில் வாங்கும் சர்வர்கள் பலவற்றில் பழைய பயாஸ் முறை கிடையாது, 2003க்கு அது இல்லாமல் முடியாது. ஆகவே இயற்பியல் இயந்திரம் எரிந்துபோனால் திரும்ப எழக்கூடிய இடம் விர்ச்சுவல் மெஷின் மட்டும்தான். அதில் முதன்முறை எழுப்பும்போது பெரும்பாலும் 7பி என்ற எண்ணோடு நீலத்திரை வரும், பூட் டிஸ்கை அணுக முடியவில்லை என்று. விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க் கன்ட்ரோலரை ஐடிஇயாக மாற்றினால் பழைய விண்டோஸுக்குத் தெரிந்த டிரைவரோடு பெரும்பாலும் எழுந்துவிடும். பிகேஎஃப் கோப்புகளுக்கு இன்னொரு சிக்கல், 2008 முதல் வந்த விண்டோஸ் பேக்கப்பால் அவற்றைத் திறக்க முடியாது. அதற்கென்று மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு கருவி வெளியிட்டது. அந்தக் கருவியையும், 2003இன் சிடி இமேஜையும், லைசென்ஸ் சாவியையும், டாங்கிள் டிரைவரையும் பேக்கப் இருக்கும் அதே டிஸ்கில் ஒரு ஃபோல்டரில் போட்டு வைப்பேன். விபத்து நடந்த அன்று அவற்றைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

பரிசோதனைக் கருவி இருந்த இடத்தில் இந்த ஒத்திகையை ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தோம். 2003 விர்ச்சுவல் மெஷினில் எழுந்தது, பழைய முடிவுகள் எல்லாம் வந்தன. ஆனால் சீரியல் கேபிளில் வரும் கருவி மட்டும் பேசவில்லை. போர்ட்டை விர்ச்சுவல் மெஷினுக்குள் கொடுத்தபிறகு பேசியது. இயந்திரம் எரிந்த நாளில் இது தெரியவந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று உரிமையாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். அதன்பிறகு அவர்களே வருடத்துக்கு ஒருமுறை ஒத்திகைக்குத் தேதி குறித்து எனக்குச் சொல்லிவிடுகிறார்கள்.

இப்போது கையில் இருப்பவை 2012 ஆர்2 சர்வர்கள். பணம் கட்டி வாங்கும் நீட்டிப்புப் பாதுகாப்பும் 2026 அக்டோபர் 13இல் முடிகிறது. அதையடுத்து சர்வர் 2016க்கு 2027 ஜனவரி 12. பங்காருபேட்டையிலும் முள்பாகலிலும் எனக்குத் தெரிந்த இடங்களில் ஏஜென்டின் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி, இன்று ஓடுகிற பதிப்பின் நிறுவல் கோப்பைச் சேமித்து வைத்துக்கொண்டிருக்கிறேன். தயாரிப்பாளர்கள் தளத்திலிருந்து பழைய பதிப்புகளை எடுத்துவிட்ட பிறகு அவை வேறெங்கும் கிடைப்பதில்லை.